வியாழக்கிழமை ஒரு பெட்டி குறைவு

டல்லபெரா சர்க்கரை ஆலையின் கணினியில் ஒரு மெத்தட் இருந்தது. அதன் பெயர் ‘அனுப்பு’. தலைமுதல் கால்வரை அதைப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் நெவில் ப்ரௌஸ். அவர் வேலையை விட்டுவிட்டு நண்டு பிடிக்கப் போய்விட்டார். இன்னொருத்தி கார்மென் கிரெக். அவளால் எங்கேயும் போக முடியவில்லை.

மெத்தட் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கணினிக்கு இடும் கட்டளைகளில் ஒரு வேலைக்கு உரியவற்றைச் சேர்த்து ஒரு பெயரின் கீழ் கட்டிவைப்பதுதான். நல்ல மெத்தட் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ‘அனுப்பு’ அந்த ஜாதி இல்லை. எந்தக் கரும்புப் பண்ணைக்கு எத்தனை காலிப் பெட்டி, எந்தக் குட்டி ரயிலில், எப்போது என்பதில் ஆரம்பித்து, மழை பெய்தால் என்ன, எஞ்சின் மக்கர் செய்தால் என்ன, தண்டவாளத்தில் கங்காரு படுத்துக்கொண்டால் என்ன என்பதுவரை எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் திணித்திருந்தது. பிரிஸ்பேனிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்த ஒருவன் ஒரு திங்கட்கிழமை அதன் உச்சியில் இறங்கினான். அடிப்பக்கமாக வெளியே வந்தபோது அவனுக்குத் தாடி முளைத்திருந்தது. காதலி இன்னொருவனோடு குடிபோயிருந்தாள். டல்லபெராவில் யாரும் இதை மிகை என்று சொல்வதில்லை. அந்தக் காதலியை எல்லோருக்கும் தெரியும்.

நெவில் ஒரு நாள் மத்தியானம் இறைச்சி பை என்னும் சுட்ட பலகாரம் வாங்கிவரப் போனார். கெய்ர்ன்ஸிலிருந்து போன் செய்து, திரும்பி வருவதாக இல்லை என்றார். அப்போது அலுவலகத்தில் இளையவள் கார்மென்தான். ‘அனுப்பு’ அவள் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஜூனில் கரும்பு வெட்டு தொடங்கினால் டிசம்பரில் முடியும்வரை அவள் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதே மூன்றாம் எண் ரயிலுக்கு வழி சொல்லியிருக்கிறாள். பல் மருத்துவருக்கே இப்போது பாதி ரயில்வே தெரியும்.

மகள் ஜோசியின் கல்யாணம் ஹோபார்ட்டில் நடந்தது. அதுவும் வெட்டுப் பருவத்தில்தான். கார்மென் அதைத் திரையின் இடது பாதியில் பார்த்தாள். வலது பாதியில் தடம்புரண்ட பெட்டிகள். “சம்மதம்” என்று மாப்பிள்ளை சொன்ன நேரத்தில் இவள் “இல்ல, அதைப் பின்னால இழு” என்று கத்தியது கல்யாண வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

இப்போது ஜோசிக்கு செப்டம்பரில் பிரசவம்.

“அம்மா, இந்தத் தடவையும் கரும்புகிட்ட லீவு கேக்கணுமா?” என்றாள் ஜோசி போனில்.

“வரேன்டி. சத்தியமா வரேன்.”

“பிரசவ ரூம்ல எனக்கு உன் கை வேணும். போன் வேணாம். போன் வந்துச்சுன்னா நர்ஸை விட்டு அணைக்கச் சொல்லிடுவேன்.”

கார்மென் போனை வைத்துவிட்டு நேராக கெல்வின் ஸ்டப்ஸிடம் போனாள். கெல்வின் ரயில் அலுவலகத்தின் மேலாளர். எல்லோரையும் நண்பனைப் போல ‘மேட்’ என்றுதான் கூப்பிடுவார். யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. ஆனால் அவரிடம் கேட்டது யாருக்கும் கிடைத்ததும் இல்லை.

“போயிட்டு வா மேட், யாரு வேணாங்கறா?” என்றார். “நீ இல்லாதப்போ ரயில் நின்னா நம்ம பையன் துவான் பாத்துக்கணும், அவ்ளோதான்.”

“அவனால அதைப் படிக்க முடியாது கெல்வின். யாராலயும் முடியாது.”

“அப்போ படிக்கிற மாதிரி ஆக்கிட்டுப் போ. துவான் மேலேருந்து கீழ வரைக்கும் சத்தமா வாசிக்கட்டும். நடுவுல ஒரு தடவைகூட உன் பக்கம் திரும்பி ‘இது என்ன’ன்னு கேக்கக் கூடாது. அன்னிக்கே டிக்கெட் போட்டுக்கோ.”

அவர் இதைத் தயவாகத்தான் சொன்னார்.

இந்த வேலைக்குத் தொழிலில் ரீஃபாக்டரிங் என்று பெயர். கணினி நிரல் செய்கிற காரியம் மயிரிழையும் மாறக் கூடாது. எழுதியிருக்கிற விதம் மட்டும் மாற வேண்டும். ஓடுகிற லாரியில் டயர் மாற்றுவது போல. டிரைவருக்குத் தெரியக் கூடாது. லாரிக்கும் தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது.

துவான் பிரிஸ்பேன் பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. விசைப்பலகையைத் தினம் துடைப்பவன். காதுக்குடையும் குச்சியால் எழுத்துகளின் இடுக்கிலும் துடைப்பான்.

“நீளமான மெத்தட்லேருந்து ஒவ்வொரு துண்டா வெளிய எடு” என்றான். “ஒவ்வொண்ணுக்கும் அது என்ன பண்ணுதோ அதையே பேரா வை. பேருல ‘மற்றும்’ வந்துச்சுன்னா அது ரெண்டு வேலை, ரெண்டாப் பிரிச்சிடு. பேரே வரலைன்னா உனக்கே அது புரியலைன்னு அர்த்தம்.”

“இதைக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?”

“ஆமா.”

“காலேஜ்ல கங்காரு இருந்துச்சா?”

“இல்ல.”

“அதான்” என்றாள் கார்மென்.

ஆனாலும் அவன் சொன்னபடியே செய்தாள். ‘மழைக்கு நிறுத்து’ என்று ஒரு துண்டை எடுத்தாள். ‘பழுதான எஞ்சினை ஒதுக்கு’ என்று இன்னொன்று. ‘கங்காரு எழுந்திருக்கக் காத்திரு.’ ஒவ்வொரு துண்டும் வெளியே வர வர, ‘அனுப்பு’ இளைத்தது. ஜூலை போனது. அடியில், வருஷக்கணக்காக யாரும் கண்டுகொள்ளாத ஒரு துண்டு கிடந்தது. ஆலையிலிருந்து எப்போதோ விற்றுவிட்ட நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொண்டே இருந்தது, பாவம். அதை நீக்கினாள். ஒவ்வொரு துண்டுக்கும் சோதனையும் எழுதிவைத்தாள்: மாற்றத்துக்கு முன்னால் என்ன விடை வந்ததோ அதுவே பின்னாலும் வந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாம் பச்சை.

ஆகஸ்டில் வயிற்றுப் பகுதிக்கு வந்தாள். அங்கே அது உட்கார்ந்திருந்தது.

பெடர்சன் பண்ணையின் சைடிங்கைப் பற்றிய கட்டளை. சைடிங் என்பது பண்ணையோரமாகப் பெட்டிகளை நிறுத்திவைக்கும் கிளைத் தண்டவாளம். வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் அங்கே அனுப்பும் பெட்டிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள் என்று இருந்தது. மேலே ஒரே ஒரு குறிப்பு: ‘கேட்காதே.’

கார்மென் அதை வெளியே எடுத்து, ‘வியாழன் ஒன்று குறை’ என்று பெயர் வைத்தாள். துவான் உதட்டைப் பிதுக்கினான்.

“இது என்ன பண்ணுதுன்னு சொல்லுது. எதுக்குன்னு சொல்லலையே.”

“எதுக்குன்னு தெரியலை.”

“அப்போ நான் வாசிக்கிறப்போ உன்னைக் கேப்பேனே.”

அவன் மிரட்டவில்லை. அவனுக்கு அது இயல்பு.

அடுத்த நாள் மத்தியானம் அவள் ஊர்ப் படகுத்துறைக்குப் போனாள். கெய்ர்ன்ஸிலிருந்து எப்போதோ ஊருக்குத் திரும்பிவிட்ட நெவில், கூண்டிலிருந்து நண்டுகளை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் வாளியோடு இரண்டடி பின்வாங்கினார்.

“வேலைக்குத் திரும்ப வர மாட்டேன்” என்றார் முதல் வார்த்தையாக.

“யாரும் கூப்பிடலை. பெடர்சன் சைடிங், வியாழக்கிழமை, ஒரு பெட்டி குறைவு. எதுக்கு?”

“அதுவா? நான் வர்றப்போவே இருந்துச்சு.”

“‘கேட்காதே’ன்னு எழுதியிருக்கே.”

“நான் கேட்டேன், எனக்கு முன்னால இருந்தவரு அப்படித்தான் சொன்னாரு. அதையே எழுதி வெச்சேன்.” ஒரு நண்டு அவர் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. “எடுத்துப் பாக்கலாம்னு ஒரு தடவை நெனச்சேன் கார்மென். அன்னிக்குத்தான் இறைச்சி பை வாங்கப் போனேன்.”

பண்ணைக்காரர் பெடர்சனையே கேட்டுவிடலாம் என்று அவள் ஒரு வியாழக்கிழமை ஊர்க் கிளப்புக்குப் போனாள். கிளாரி பெடர்சன் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையுமாகப் புல்தரையில் பவுல்ஸ் என்னும் பந்துருட்டும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். பந்தை உருட்டிவிட்டு, அது வளைந்து போகும் திசைக்கெல்லாம் தானும் உடம்பை வளைத்தார்.

“ஏன் கண்ணு, ரயில் ஏதாவது நின்னு போச்சா?” என்றார்.

“இல்ல கிளாரி. உங்களுக்கு வியாழக்கிழமை ஒரு பெட்டி கம்மியா வருதே, ஏன்னு தெரியுமா?”

“அது ஆலை உத்தரவாச்சே! அப்பா காலத்துலேருந்தே அப்படித்தான். ஒரு பெட்டி கம்மின்னா அந்த மத்தியானத்துக்காக வெட்டு மெஷினை எடுப்பானேன்னு அப்பா சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை விடியக்காத்தால போய் எல்லாத்தையும் நிரப்பிடுவோம். வியாழக்கிழமை மத்தியானம் சும்மாத்தானே இருக்கோம்னு அப்பா பந்தெடுத்தாரு. அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரங்க. அப்புறம் இந்தக் கிளப்பே வந்துடுச்சு.” சுற்றிலும் கையை வீசினார். புல்தரை, கட்டிடம், மதுக்கூடம், குலுக்கலில் பரிசாகத் தரும் இறைச்சித் தட்டு, வெள்ளையுடையில் பாதி ஊர். “ஏன், ஆலையில ஏதாவது மாத்தப் போறீங்களா?”

அவர் முகத்தில் வந்த கலவரத்தைப் பார்த்து கார்மென் அவசரமாக “இல்ல இல்ல, ஒண்ணும் மாத்தலை” என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பெட்டி குறைந்ததால் பவுல்ஸ் வந்தது. பவுல்ஸுக்காகப் பெட்டி குறையவில்லை. அப்படியானால் பெட்டி எதற்காகக் குறைந்தது? ஊரே ஆடிக்கொண்டிருக்கிறது, ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் ஜோசியின் செய்தி காத்திருந்தது. டாக்டர் பிரசவத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ‘டிக்கெட் போட்டாச்சா?’

மறுநாள் அலுவலகத்தில் அந்தத் துண்டின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ‘வியாழன் ஒன்று குறை’ என்பதை அழித்துவிட்டு, ‘பவுல்ஸ் நாள்’ என்று எழுதினாள். சுருக்கமான பெயர். அழகான பெயர். ‘மற்றும்’ இல்லாத பெயர். ‘கேட்காதே’ என்ற குறிப்பை எடுத்துவிட்டாள். இவ்வளவு தெளிவாகப் பெயர் இருக்கும்போது குறிப்பு எதற்கு? அந்த ஒரு துண்டுக்கு மட்டும் சோதனை எழுதவில்லை. எதைச் சோதிப்பது என்று தெரிந்தால்தானே.

வாசிக்கும் நாள் வந்தது. துவான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் போல வாசித்தான். “பண்ணைகளை வரிசைப்படுத்து. மழைக்கு நிறுத்து. பழுதான எஞ்சினை ஒதுக்கு.” கெல்வின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எத்தனையோ வருஷமாகத் தன் அலுவலகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பவுல்ஸ் நாள்” என்று வாசித்தான் துவான்.

கெல்வின் கண்ணைத் திறந்தார். “என்னது?”

“வியாழக்கிழமை கிளாரி பவுல்ஸ் ஆடப் போயிடுவார். அதனால ஒரு பெட்டி குறைச்சு அனுப்புறோம்” என்றான் துவான். கார்மென் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அடப்பாவி கிளாரி!” கெல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அந்த ஆள் பந்து உருட்டறதுக்காக ஒரு ஆலையே பெட்டியைக் குறைச்சுக்கிட்டு இருந்துச்சா?”

கார்மென் வாயைத் திறந்தாள். அது அப்படி இல்லை கெல்வின், அது தலைகீழாக இருக்கிறது, எனக்கே தெரியவில்லை என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் துவான் கேட்பான்; கேட்டால் தோல்வி. வாயை மூடிக்கொண்டாள். துவான் கடைசி வரிவரை வாசித்து முடித்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெல்வின் எழுந்து கைதட்டினார்.

அவள் அங்கேயே நின்று டிக்கெட் போட்டாள். வியாழக்கிழமை மத்தியானம். டல்லபெராவிலிருந்து பிரிஸ்பேனுக்கு நாளுக்கு ஒரே விமானம்தான்; அங்கே மாறித்தான் ஹோபார்ட்டில் இருக்கும் ஜோசியிடம் போக வேண்டும்.

வியாழக்கிழமை துணிப் பெட்டியைக் காரில் ஏற்றும்போது துவான் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

“கார்மென், நீ நிம்மதியாப் போ. எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. நேத்து நானே தனியா ஒண்ணை மாத்திட்டேன்னா பாத்துக்கோயேன்!”

“எதை?”

“அந்தப் பவுல்ஸ் நாளை எடுத்துட்டேன். யாரோ பந்து விளையாடறதுக்கு நம்ம நிரல்ல எதுக்கு இடம்? கெல்வினும் சரின்னாரு. சோதனை எல்லாம் பச்சை. முன்னெல்லாம் அதைத் தொடவே பயமா இருக்கும். இப்போ யார் வேணாலும் தொடலாம். எல்லாம் உன் புண்ணியம்!”

கார்மென் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி கூடுதலாகப் போனால் என்ன குடிமுழுகிவிடும்? வண்டியைக் கிளப்பினாள்.

விமான நிலையத்துக்கு ஒரே சாலை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. பெடர்சன் பண்ணையைத் தாண்டும் இடத்தில் தண்டவாளம் சாலையை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வளைவில் திரும்பியதும் கார்மென் பிரேக்கை மிதித்தாள்.

சாலையின் குறுக்கே ஒரு கரும்புப் பெட்டி நின்றது. அதற்குப் பின்னால் மஞ்சள் எஞ்சின். பெட்டிக்கு முன்னால் மற்ற பெட்டிகளெல்லாம் ஒழுங்காக சைடிங்குக்குள் இருந்தன. இந்த ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. ஏனென்றால் சைடிங்கின் அந்தக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தண்டவாளத்திலேயே ஓடும் களைக்கொல்லி மருந்து வண்டி தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றது. சரியாக ஒரு பெட்டி நீளம்.

கார்மென் காரைவிட்டு இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எஞ்சின் டிரைவர் டெஸ் தண்டவாளத்தோரம் உட்கார்ந்து இறைச்சி பை ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

“டெஸ், அந்த மருந்து வண்டி எப்போலேருந்து இங்க நிக்குது?”

“எப்பவும்தான். வியாழக்கிழமை மத்தியானம் தண்ணி பிடிக்கும். ஏன்?”

“கிளாரிக்கு இது தெரியாதா?”

“அவரு எங்க இங்க இருக்காரு? வியாழக்கிழமை பவுல்ஸாச்சே.”

“பின்னால எடுங்க டெஸ். நான் விமானத்தைப் பிடிக்கணும்.”

“எடுக்க முடியாது மேட். எனக்குப் பின்னால நாலாம் நம்பரை அனுப்பிட்டாங்க. அதுக்குப் பின்னால ஏழு. ஏழுக்குப் பின்னால என்னன்னு அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வெளிச்சம்.” அவர் இறைச்சி பையின் மேல் தக்காளி சாஸைப் பிழிந்தார். “எவனோ அதுல கை வெச்சிருக்கான். இத்தனை வருஷம் ஒழுங்கா ஓடிச்சு. அவனைப் பிடிச்சு இந்தத் தண்டவாளத்துலயே கட்டிப் போடணும்.”

“ஆமா” என்றாள் கார்மென்.

கார்களும் லாரிகளும் அவளுக்குப் பின்னால் சேர்ந்தன. போன் அடித்தது. கெல்வின்.

“கார்மென், எங்க இருக்கே? எல்லா ரயிலும் நின்னு போச்சு மேட். துவான் என்ன ஏதுன்னு வாசிச்சுப் பாத்துட்டான், எல்லாம் நல்லாப் புரியுதாம், எங்க தப்புன்னுதான் தெரியலையாம். கொஞ்சம் வர முடியுமா?”

“நான் பெடர்சன் கிராஸிங்ல நிக்கிறேன்.”

“அட, அங்கதான் பிரச்சினையே! நல்லவேளை, அங்கேயே இரு.”

அவளுக்கு அங்கேயே இருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. காரின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டாள். இந்த முறை பெயருக்காக அவள் யோசிக்கவே இல்லை: ‘மருந்து வண்டிக்கு இடம் விடு’. இவ்வளவுதான். அடுத்த வியாழக்கிழமைக்கு இது போதும். இந்த வியாழக்கிழமைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. எந்தப் பெயரும் இரும்புப் பெட்டியைத் தள்ளாது.

“அழகான பேரு!” என்றான் துவான் போனில். “வாசிச்ச உடனே புரியுது. முதல்லயே இதை வெச்சிருக்கலாமே?”

கெல்வின் போனை வாங்கினார். “இது மாதிரி வேற ஏதாவது உள்ள இருக்கா மேட்?”

“தெரியலை கெல்வின். எல்லாத்துக்கும் நல்ல பேரா வெச்சிருக்கேன். அதான் பயமா இருக்கு.”

தலைக்கு மேலே அவளுடைய விமானம் போனது. கரும்புத் தோகைகள் அதைப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அது வெறும் காற்றுதான் என்று டல்லபெராவில் சொல்வார்கள். கிளப்பின் பக்கமிருந்து பந்தோடு பந்து மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு ஆரவாரமும் கேட்டன. கிளாரி ஜெயித்துவிட்டார் போலிருக்கிறது.

ரயில்களை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்து வழிவிட வெகு நேரமானது. ஏழாம் எண் ரயில் பாதி வழிகூடப் போயிருக்காது, மறுபடி போன் அடித்தது. இந்த முறை ஜோசி. குரல் களைத்துக் கிடந்தது. பின்னணியில் இன்னொரு குரல், சின்னது, உலகத்தின் மேல் கடும் கோபத்தில்.

“பையன்மா” என்றாள் ஜோசி. “அவசரக்காரன். நீ பிரிஸ்பேனுக்கு வந்துட்டியா?”

கார்மென் குறுக்கே நின்ற பெட்டியைப் பார்த்தாள். “இல்லடா” என்றாள். “பக்கத்துலதான் இருக்கேன்.”

“யாருக்குப் பக்கத்துல?”

ஜோசி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “நர்ஸ் பேரு கேக்கறாங்கம்மா. என்ன பேரு வைக்கலாம்?” என்றாள்.

“அவசரப்பட்டு வெச்சிடாதடி” என்றாள் கார்மென். “கொஞ்ச நாள் பாரு. யாருன்னு தெரியட்டும்.”

டெஸ் தன் இறைச்சி பையைப் பாதியாகப் பிய்த்து அவளிடம் நீட்டினார். ஆறிப் போயிருந்தது. அவள் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தண்டவாளத்தோரம் உட்கார்ந்தாள்.